ரிமோட் யார் கையில்?

வகுப்பறைக்குத் திரை வந்துவிட்டது. அதில் யார் தெரிகிறார்கள், அதை யார் தொடுகிறார்கள், படம் முடிந்த பிறகு என்ன பேசப்படுகிறது?

2022-23 கல்வியாண்டில் தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு மாதம் ஒரு சிறார் படம் காட்டும் திட்டம் தொடங்கியது. முதலில் திரையிடப்பட்டது சார்லி சாப்ளினின் 'தி கிட்'. 1921-ல் வந்த பேசாத படம். தாயால் கைவிடப்பட்ட குழந்தையை ஒரு சேரியில் ஓட்டாண்டி ஒருவன் எடுத்து வளர்க்கிறான். அனாதை இல்லத்து ஆட்கள் வந்து குழந்தையைப் பறித்து வண்டியில் ஏற்றும்போது, வீட்டுக் கூரைகள் மேல் ஓடிப்போய் அவன் மீட்கிறான். வசனம் இல்லாததால் மொழி தடையாக இல்லை. கிழிந்த சட்டை, ஒற்றை அறை, பகிர்ந்துகொள்ளும் சாப்பாடு இவற்றையெல்லாம் நம் காலனிப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

படம் காட்டுவதோடு நிற்காமல், முடிந்ததும் கலந்துரையாட வேண்டும், மாணவர்கள் விமர்சனம் எழுத வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்தில் இருந்தது. நல்ல யோசனைதான். ஆனால் நடைமுறையில் பல பள்ளிகளில் கலந்துரையாடல் எப்படி முடியும் என்பது ஆசிரியர்களுக்கே தெரியும். "படம் எப்படி இருந்துச்சு?" "நல்லா இருந்துச்சு சார்." மணி அடித்துவிடும்.

அந்த இரண்டு வரிக்குள் எவ்வளவு விட்டுப்போகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒலி, ஒளிக் கருவிகள் பாடத்தை எளிதாக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இதயம் எப்படி இரத்தத்தை இறைக்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைவதைவிட அசையும் படத்தில் காட்டினால் பிள்ளைக்குப் பிடிபடும். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறை மாணவருக்கு, நிறுத்தி நிறுத்தித் திரும்பப் பார்க்கக் கூடிய பாடம் ஒரு வரம். ஆனால் சாதி இருக்கும் ஊரில், சாதி இருக்கும் வகுப்பறையில், திரை மட்டும் சாதி இல்லாமல் இருந்துவிடுமா? மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். கருவி நம் பிள்ளைகளின் பள்ளிக்கு வந்து சேர்கிறதா? வந்தால் அதை யார் தொடுகிறார்கள்? திரையில் யாருடைய வாழ்க்கை, எப்படி வருகிறது?

பலகை மாறியது, துறை மாறவில்லை

கடந்த சில ஆண்டுகளில் அரசு செய்திருப்பது குறைவல்ல. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2023-ல் 'மணற்கேணி' செயலி வந்தது. பாடங்களைச் சிறு சிறு காணொலிகளாக அதில் பார்க்கலாம். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டம், நடுநிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி என்று வரிசையாக அறிவிப்புகள் வந்தன.

இவை பெரும்பாலும் பள்ளிக் கல்வித் துறையின் திட்டங்கள். ஆனால் தலித் குடியிருப்புகளை ஒட்டி இருக்கும் பள்ளிகளில் ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டவை அந்தத் துறையின் கீழ் இல்லை. அவை ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையின் பள்ளிகள். பாடத்திட்டமும் தேர்வும் ஒன்று, நிர்வாகம் வேறு. கட்டடம் கேட்க ஓர் அலுவலகம், ஆசிரியர் கேட்க ஓர் அலுவலகம், புத்தகம் வாங்க இன்னொன்று.

இந்தப் பிரிவுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பொதுப் பள்ளிகள் தீண்டப்படாதோர் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த காலத்தில், 1893-ல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை பிறப்பித்தது. 1894-ல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அயோத்திதாசர் அதற்குத் துணை நின்றார். 1920-களில் மாகாணத் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகளை நடத்தியது. 'லேபர் ஸ்கூல்' என்று முதியவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். அந்தப் பள்ளிகளே பின்னர் அரிசன நலப் பள்ளிகளாகி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. உள்ளே விட மறுத்த கதவுகளுக்கு மாற்றாகத் திறக்கப்பட்ட கதவுகள் அவை. எத்தனையோ குடும்பங்களில் முதல் எழுத்து அங்கேதான் எழுதப்பட்டது.

2023-24 பட்ஜெட்டில், பல துறைகளின் கீழ் உள்ள பள்ளிகள் அனைத்தும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை தந்த நீதியரசர் சந்துரு குழு, அரசுப் பள்ளிகளின் பெயர்களில் உள்ள 'ஆதிதிராவிடர் நலம்', 'கள்ளர் சீரமைப்பு' போன்ற அடைமொழிகளை நீக்கச் சொன்னது. இணைப்பு வேண்டும் என்போரும், இணைத்தால் தனி நிதியும் தனிக் கவனமும் கரைந்துபோகும் என்போரும் தலித் இயக்கங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். அதுவரை ஒன்றை மட்டும் உறுதி செய்யலாம்: ஒரு மாவட்டத்தில் திரை, புரொஜெக்டர், இணைய வசதி பெறும் பள்ளிகளின் பட்டியல் தயாராகும்போது இரு துறைப் பள்ளிகளும் ஒரே தாளில் இருக்க வேண்டும். பக்கத்துப் பள்ளியில் திரை ஒளிர, காலனிப் பள்ளியில் சுவரில் தொங்கும் பழைய வரைபடமே கதி என்றால், பெயர்ப் பலகையில் என்ன எழுதினாலும் அது தனிப் பள்ளிதான்.

வாங்குவது ஒரு நாள் வேலை. பராமரிப்பு அன்றாட வேலை. புரொஜெக்டர் பல்பு போனால் யாரிடம் சொல்வது? யூபிஎஸ் பேட்டரி இறங்கினால் எந்த நிதியில் மாற்றுவது? திருட்டுக்குப் பயந்து கருவியைத் தலைமை ஆசிரியர் அறைப் பீரோவில் பூட்டிவைக்கும் பள்ளிகள் எத்தனை? இரண்டு துறைக்கு நடுவில் நிற்கும் பள்ளியில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இன்னும் தாமதமாகும். 2024-ல் நிறைவேறிய தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம், மக்கள் தொகைக்கு ஏற்ற நிதி ஒதுக்கீட்டைச் சட்டக் கடமையாக்கியிருக்கிறது. வகுப்பறைத் திரைக்கு ஆண்டுப் பராமரிப்பு என்று ஒரு தலைப்பை அந்த நிதியில் கேட்பதில் தவறே இல்லை.

பெட்டி எங்கே வைக்கப்பட்டது?

கருவியை எங்கே வைப்பது என்பதே யாருக்குப் பாடம் என்பதைத் தீர்மானிக்கும். இதற்கு இந்தியாவில் பழைய அனுபவம் உண்டு. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியோடு ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி கொண்டுபோகப்பட்டது. 'சைட்' என்று அழைக்கப்பட்ட அந்தச் சோதனையில் பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் நிகழ்ச்சிகள். ஊருக்கு ஒரு பெட்டி. அதைத் தனியார் வீட்டில் வைக்காமல் பள்ளி, பஞ்சாயத்துக் கட்டடம் போன்ற பொது இடத்தில் வைத்தார்கள். எல்லாச் சாதியாரும் வந்து பார்க்கக் கூடிய இடமா என்பது தொழில்நுட்பக் கேள்விக்குச் சமமான கேள்வியாக இருந்தது.

தமிழகம் அந்த ஆறு மாநிலங்களில் இல்லை. ஆனால் பஞ்சாயத்து ரேடியோ ரூமும் பிறகு வந்த டிவி ரூமும் நமக்குத் தெரியும். ஊர்த்தெருவில் இருந்த டிவி ரூமுக்குள் காலனிக்காரர்கள் போய் உட்கார முடியாத கிராமங்கள் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்கள் இன்று ஐம்பது வயதில் இருக்கிறார்கள். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைக் கிண்டல் செய்தவர்கள் பலர். ஆனால் யார் திண்ணையிலும் நிற்காமல் தன் வீட்டில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து படம் பார்ப்பது காலனிப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஜன்னலோரம் நின்றவர்கள்தான் சொல்ல முடியும்.

2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வித் தொலைக்காட்சி ஓரளவுக்குப் பிள்ளைகளை எட்டியதற்கு அந்தப் பெட்டிகளும் ஒரு காரணம். அதே காலம் இன்னொன்றையும் காட்டியது. பெட்டி இருந்தும் கேபிளுக்குக் காசு கட்டாத வீடுகள் இருந்தன. ஒரே அறையில் பாட்டி படுத்திருக்க, தம்பி அழ, பத்தாம் வகுப்புப் பிள்ளை பாடம் பார்க்க வேண்டியிருந்தது. அப்பா அம்மாவோடு கூலிக்குப் போன பிள்ளைகளும் உண்டு. திரையில் ஆசிரியர் கேள்வி கேட்பார். பதில் சொன்னால் அவருக்குக் கேட்காது. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, தெருவிலேயே ஒரு தன்னார்வலர் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்த பிறகுதான் பாடத்துக்கு மறுபடி முகம் கிடைத்தது. கருவியோடு ஒரு மனிதரும் வேண்டும் என்ற பாடத்தை நாம் கைக்காசு கொடுத்துப் படித்திருக்கிறோம்.

தூக்கிவருபவர், இயக்குபவர்

பள்ளி வேலைகளுக்கும் சாதி உண்டு. தண்ணீர் எடுத்துவைப்பது யார், பெருக்குவது யார், கழிவறை கழுவச் சொன்னால் யார் போகிறார்கள்? 2022-ல் ஈரோடு மாவட்டத்தில் தலித் மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியர் ஒருவர் கைதானார். வெளியே வந்தது அது. வெளியே வராதவை பெற்றோருக்குத் தெரியும்.

வகுப்புக்குத் திரை வந்தால் இதே பழக்கம் அங்கும் நுழையும். புரொஜெக்டரைத் தூக்கிவருவது ஒரு பையன், ஜன்னலை மூடுவது, பெஞ்சு நகர்த்துவது அவனும் அவன் கூட்டாளிகளும். ரிமோட்டைப் பிடிப்பது, லேப்டாப்பில் படத்தை ஓடவிடுவது "விவரமான" இன்னொரு பையன். அவன் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும். அதனால் அவனுக்குத் தெரியும். தெரிந்ததால் அவனுக்கே திரும்பத் திரும்ப வாய்ப்பு. ஆசிரியர் யாரும் சாதி பார்த்து இதைச் செய்ய வேண்டியதில்லை. தானாகவே நடக்கும். தெரியாதவனுக்குக் கடைசி வரை தெரியாமலே போகும். பெண் பிள்ளைகள் என்றால் இன்னும் பின்வரிசை.

இதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. கருவிப் பொறுப்புக்குச் சுழற்சிப் பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டினால் போதும். வாரம் இரண்டு பேர். தூக்கிவருவது, இணைப்பது, இயக்குவது, கேபிள் சுருட்டி உள்ளே வைப்பது எல்லாம் அந்த இருவர் பொறுப்பு. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி வந்தால் யாரும் விடுபட மாட்டார்கள். ஒரு பருவத்துக்குள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் எச்டிஎம்ஐ வயரைச் செருகத் தெரிந்திருப்பார்கள். உடைத்துவிடுவார்களே என்ற பயம் வேண்டாம். பிள்ளைகள் தொடாமல் பீரோவுக்குள் கெட்டுப்போன கருவிகளின் எண்ணிக்கைதான் அதிகம் இருக்கும்.

உட்காரும் இடத்தையும் கவனிக்க வேண்டும். விளக்கை அணைத்தால் பிள்ளைகள் நண்பர்களோடு கூட்டமாக உட்காருவார்கள். தென்மாவட்டங்களில் அந்தக் கூட்டம் எந்த நிறக் கயிற்றின்படி பிரியும் என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டது சக மாணவர்களால். அதன் பிறகுதான் சந்துரு குழுவே அமைந்தது. கைக்கயிறு, சாதி அடையாளம் கூடாது என்று அந்தக் குழு சொன்னது. வகுப்பறை இருட்டாகும் அந்த ஒரு மணி நேரத்தில் யார் யார் பக்கத்தில் என்பதை ஆசிரியர் முடிவு செய்வது சின்ன வேலை அல்ல.

திரையில் தெரிவது யார்?

இனி முக்கியமான கேள்வி. பாடக் காணொலிகளில் வரும் வீட்டைப் பாருங்கள். மாடி வீடு, சோபா, அலுவலகம் போகும் அப்பா, சமையலறையில் அம்மா. ஓட்டு வீடும், செங்கல் சூளையும், நூறு நாள் வேலைக்குப் போகும் தாயும் கணக்குப் பாடத்தின் உதாரணமாகக் கூட வருவது அரிது. வந்தால், உதவி பெறுபவராக வருவார்கள். தன் வீடு பாடத்தில் இல்லாத பிள்ளை, பாடம் வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொள்ளும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால்தான் திரைப்படம் முக்கியமாகிறது. சில படங்களைப் பார்ப்போம்.

ஈரான் இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' 1997-ல் வந்தது. தங்கையின் செருப்பை அண்ணன் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொல்ல முடியாது, வாங்கித்தரக் காசில்லை. காலை வகுப்புக்கு அவள், மதிய வகுப்புக்கு அவன் என்று ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டு ஓடுகிறார்கள். மூன்றாம் பரிசாக ஒரு ஜோடி காலணி கிடைக்கும் என்று ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவன், முதலாவதாக வந்துவிட்டு அழுகிறான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். வறுமையைப் பேசுகிறது, ஆனால் யாரையும் பரிதாபமாக்கவில்லை.

மணிகண்டனின் 'காக்கா முட்டை' 2015-ல் திரைக்கு வந்தது; சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்றது. சென்னைக் குடிசைப் பகுதியின் இரண்டு அண்ணன் தம்பிகள், தண்டவாளத்தோரம் கரி பொறுக்கி விற்பவர்கள், பீட்சா தின்ன ஆசைப்படுகிறார்கள். காசு சேர்த்துக்கொண்டு போகிறார்கள், விடமாட்டேன் என்கிறார்கள். உடைதான் காரணம் என்று நினைத்துப் புது உடை வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். அப்போதும் அறைதான் விழுகிறது. காசும் உடையும் இருந்தும் ஏன் உள்ளே விடவில்லை? இந்த ஒரு கேள்வியை ஏழாம் வகுப்பில் கேட்டுவிட்டு ஆசிரியர் அமைதியாக இருந்தால் போதும். சமூக அறிவியல் பாடத்தில் சமத்துவம் என்ற அத்தியாயம் அதன் பிறகு வெறும் மனப்பாடமாக இருக்காது.

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் 'ஃபன்றி' 2013-ல் வந்தது. பன்றி பிடிக்கும் வேலை திணிக்கப்பட்ட கைகாடி குடும்பத்துச் சிறுவன் ஜாப்யா. பள்ளிக்குப் பக்கத்திலேயே பன்றி விரட்ட வேண்டியிருக்கிறது. உடன் படிப்பவர்கள் வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறார்கள். பன்றி கைக்கெட்டும் தூரத்தில் வரும் நேரம் பள்ளியிலிருந்து தேசிய கீதம் ஒலிக்கிறது. குடும்பமே அசையாமல் நிற்கிறது. பன்றி தப்பிப் போகிறது. பிறகு பிடிபட்ட பன்றியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் கடந்துபோவது அம்பேத்கர், பூலே படங்கள் வரைந்த பள்ளிச் சுவரை. கடைசியில் ஜாப்யா எறியும் கல் பார்ப்பவரை நோக்கி வருகிறது. பாடப்புத்தகத்தில் தலைவர்கள், சுவரில் தலைவர்கள், சுவருக்கு வெளியே என்ன? ஒரு பாடவேளையில் இதைவிடக் கூர்மையாகக் கேட்க முடியாது. மராத்தி என்பதால் இரண்டு மூன்று காட்சிகளை மட்டும் எடுத்து, கதையை ஆசிரியர் தமிழில் சொல்லிக் காட்டலாம்.

நம் மண்ணின் படங்கள் இருக்கின்றன. மாரி செல்வராஜின் 'வாழை' 2024-ல் வந்தது. பள்ளி விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கப் போக வேண்டிய சிறுவனின் கதை. தாமிரபரணிப் பாசனத்தில் வாழைத்தார் லாரியைப் பார்க்காத பிள்ளை உண்டா? தாரின் கனம் எவ்வளவு, கூலி எவ்வளவு, லாரியின் மேலே ஆட்களை ஏற்றுவது ஏன் என்று கேட்டால், வகுப்பில் அதிகம் தெரிந்தவன் பின்பெஞ்சில் இருப்பான். அன்றைக்கு அவன்தான் ஆசிரியர். 2018-ல் வந்த 'பரியேறும் பெருமாள்' மேல்நிலை மாணவர்களுக்கு உரியது. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் ஆங்கிலம் புரியாமல் கூனிக்குறுகும் மாணவனைப் பார்க்கும் பிளஸ் டூ பிள்ளைக்கு, அடுத்த ஆண்டு தனக்கு வரப்போவது தன் குறை அல்ல என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அதன் கடைசிக் காட்சியில் இரண்டு தேநீர்க் குவளைகள், நடுவில் ஒரு பூ. இரட்டைக் குவளை பற்றி ஒரு மணி நேரம் பேச அது போதும்.

ஜப்பார் பட்டேல் இயக்கி மம்மூட்டி நடித்த 'டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்' 2000-ல் வெளியானது. அரசு நிதியில் எடுத்த படம். மம்மூட்டிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படம். தமிழ் பேசித் திரையரங்குக்கு வர 2010 டிசம்பர் ஆனது. அதுவும் எழுத்தாளர்களும் இயக்கங்களும் வழக்கறிஞர்களும் விடாமல் கேட்டதால். இன்றைக்கு ஏப்ரல் 14 அன்று பள்ளியில் மாலை போட்டு உறுதிமொழி எடுப்பதோடு முடிகிறது. அந்த வாரத்தில் படத்தின் அரை மணி நேரப் பகுதியைக் காட்டி, கூடவே அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியதை வாசிக்கலாம். உட்காரத் தனிக் கோணிச் சாக்கு, பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர், அவர் வராத நாளில் தாகம். சட்டமேதை என்று மட்டும் தெரிந்தவரை, தங்கள் வயதுப் பையனாகப் பிள்ளைகள் அன்று பார்ப்பார்கள்.

யாருடைய முகம் திரும்புகிறது?

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. 'ஃபன்றி' போன்ற படத்தைக் கலப்பு வகுப்பில் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் ஓட்டினால், பன்றி வரும் காட்சியில் பத்துத் தலைகள் ஒரே திசையில் திரும்பும். அந்தத் திசையில் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளை. மறுநாள் முதல் அந்தப் படத்தின் பெயரே அவனுக்குப் பட்டப்பெயராகலாம். நல்ல எண்ணத்தோடு காட்டிய படம் ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்தே விரட்டிவிடக் கூடும். இதற்குப் பயந்து சாதியைப் பேசும் எந்தப் படமும் வேண்டாம் என்று ஒதுக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஒதுக்கினால் பிரச்சினை தீராது. சாதி, வகுப்புக்குள் ஏற்கெனவே கயிறாகவும், ஸ்டேட்டஸ் பாட்டாகவும், ரீல்ஸாகவும் வந்து உட்கார்ந்திருக்கிறது. செல்போனில் சாதிப் பெருமை ஓடும்போது, பள்ளித் திரை மட்டும் வாய்மூடி இருந்தால் யாருக்கு லாபம்?

எனவே காட்ட வேண்டும். ஆனால் வேலை செய்துவிட்டுக் காட்ட வேண்டும். ஆசிரியர் முதலில் படத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். தணிக்கைச் சான்றிதழ் எந்த வயதுக்கு என்று கவனிக்க வேண்டும். முழுப் படமும் தேவையில்லை. 45 நிமிடப் பாடவேளையில் 20 நிமிடம் படம், மீதி நேரம் பேச்சு என்று பிரித்துக்கொள்ளலாம். படம் தொடங்கும் முன்பே எதைக் கவனிக்க வேண்டும் என்று இரண்டு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும்.

கேள்வி எப்படி அமைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "உங்க வீட்லயும் இப்படித்தானா?" என்று ஒரு பிள்ளையைப் பார்த்து வகுப்பில் கேட்கவே கூடாது. அவமானப்படுத்தப்பட்டவனைப் பற்றிக் கேட்பதைவிட, அவமானப்படுத்தியவனைப் பற்றிக் கேளுங்கள். சிரித்தவர்கள் ஏன் சிரித்தார்கள்? சிரிக்காமல் நின்றவன் ஏன் தடுக்கவில்லை? கடைக்காரருக்கு அறைய உரிமை தந்தது யார்? இந்தக் கேள்விகள் தலித் பிள்ளையைக் கூண்டில் ஏற்றாது. மற்ற பிள்ளைகளைத் தங்களைப் பார்க்கவைக்கும். சாதி என்பது தலித்துகளின் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருக்கும் வகுப்புக்கு, அது அவர்களுடைய பிரச்சினையும்தான் என்று சொல்ல வேறு வழி இல்லை. முதலில் எல்லோரும் எழுதட்டும், பெயர் போடாமல். பிறகு ஆசிரியர் வாசிக்கட்டும். பேசத் தயங்கும் பிள்ளையின் குரலும் அப்போது கேட்கும்.

இன்னொன்று. துயரம் மட்டுமே காட்டக் கூடாது. அடிபடும், அழும், சாகும் தலித்தை மட்டுமே திரையில் பார்த்து வளரும் பிள்ளைக்கு அதுவே விதி என்று தோன்றும். அறிவியல் பாடத்திலும் விளையாட்டிலும் ஆட்சிப் பணியிலும் இசையிலும் நம்மவர் இருக்கிறார்கள் என்பதும் திரையில் வர வேண்டும்.

பார்ப்பது போதாது, பதிவு செய்வதும் வேண்டும்

ஒலி, ஒளிக் கருவி என்றால் பார்க்க மட்டுமா? ஆசிரியரின் செல்போன் ஒன்றே போதும், பிள்ளைகளும் பதிவு செய்யலாம். பாட்டி பாடும் நடவுப் பாட்டு, தாத்தாவின் பறை அடவுகள், தெருவுக்கு முதன்முதலாகத் தண்ணீர்க் குழாய் வந்த கதை, பஞ்சமி நிலம் எது, அது கை மாறியது எப்படி, லேபர் ஸ்கூலில் முதலில் படித்தது யார். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஐந்து நிமிடம் பதிவு செய்து வந்து வகுப்பில் ஒலிக்கவிட்டால், அது வரலாற்றுப் பாடம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அன்று பள்ளியின் விரிவுரையாளர்.

நம் மாவட்டத்துக்கு இதன் மதிப்பு நன்றாகவே தெரியும். 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்களில் ஒரு குழந்தை உட்பட 17 பேர் மாண்டார்கள். அதைப் பற்றி ஆர்.ஆர்.சீனிவாசன் எடுத்த 'நதியின் மரணம்' ஆவணப்படம் இருப்பதால்தான், அன்று பிறக்காதவர்களும் அந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்கள். சிறு பிள்ளைகளுக்குக் காட்டும் படம் அல்ல அது. ஆனால் கேமரா யார் கையில் இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைவிட அருகில் சான்று இல்லை.

கேட்க வேண்டியவர்கள் நாம்

படம் காட்டினால் காப்புரிமை வழக்கு வருமோ என்று சில தலைமை ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(ஜே), கல்வி நிறுவனத்தின் செயல்பாடாக மாணவர்கள், ஊழியர்கள், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோருக்கு மட்டும் படம் காட்டுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். நலிந்த பிரிவினருக்கு விகிதாச்சார இடம். பாதி பேர் பெண்கள். கையெழுத்துப் போட மட்டும் அல்ல அந்தக் குழு. நம் பள்ளியில் என்னென்ன கருவி இருக்கிறது, எது ஓடுகிறது, எது பழுது, கடந்த மாதம் எத்தனை பாடவேளை பயன்பட்டது, யார் இயக்கினார்கள் என்று அடுத்த கூட்டத்திலேயே கேட்கலாம். தீர்மானமாக எழுதச் சொல்லலாம். பதில் வராவிட்டால் கிராம சபை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவையும் தெளிவானவை. பள்ளிக் கல்வித் துறை, ஆதிதிராவிடர் நலத் துறை இரண்டின் பள்ளிகளுக்கும் ஒரே கருவிப் பட்டியல். வட்டாரத்துக்கு ஒரு பழுதுநீக்குநர். புகார் கொடுத்தால் இத்தனை நாளில் சரிசெய்யப்படும் என்ற கெடு. மாணவர் விடுதிகளிலும் வாரம் ஒரு திரையிடல். சாதியைப் பேசும் படங்களை வகுப்பில் கையாள ஆசிரியர்களுக்குப் பயிற்சி. கடைசியில் சொன்னதுதான் முதலில் வேண்டியது. பல்பு எரிய மின்சாரம் போதும். படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகு, "நல்லா இருந்துச்சு சார்" என்ற பதிலோடு நிறுத்திவிடாமல், "ஏன்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்க ஒரு ஆசிரியர் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவை எந்த டெண்டரிலும் வாங்க முடியாது.